ஆறு மணி மாத்திரை

பிப்ரவரி 10, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மஞ்சள் மாத்திரையின் படம், 'நெஞ்செரிச்சலுக்கு விடை கொடுங்கள்' என்று ஒரு வாசகம். ஜனவரி முழுக்க ஒரு வரியும் எழுதாமல் வைத்திருந்தேன். இன்று எழுதக் காரணம் இருக்கிறது. ஸ்கேனில் எனக்குப் பித்தப்பையில் மூன்று கல் என்று வந்துவிட்டது.

"அமலா சிஸ்டர், உங்களையும் நம்ம டேபிள்ல படுக்க வைக்கப் போறேன்" என்று பெரிய டாக்டர் சிரித்தார். மார்ச் 5, வியாழன், முதல் கேஸ். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வார்டுக்கு வந்து மூன்று தலையணை உறைகளை மாற்றினேன். அவை நேற்றுத்தான் மாற்றியவை.

என் முழுப்பெயர் அமலோற்பவம். அதை முழுதாகச் சொல்லும் பொறுமை இந்த ஊரில் யாருக்கும் இல்லை. பெண்கள் வார்டு என் பொறுப்பில் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவது என் வேலை. வளையல், மூக்குத்தி கழற்ற வேண்டும். நகப்பூச்சைத் துடைக்க வேண்டும். தலையைப் பிரித்து ரெட்டைச் சடை போட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு மூடித் தண்ணீரில், வயிற்று அமிலம் குறைய ஒரு மாத்திரை. இங்கே எல்லோருக்கும் அது 'கேஸ் மாத்தரை'. கொடுத்ததும் சார்ட்டில் டிக். என் சார்ட்டில் இதுவரை ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

பிப்ரவரி 11, புதன்

பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். சாப்பிட்டிருக்கக் கூடாது.

பிப்ரவரி 12, வியாழன்

நாலாம் பெட்டில் செண்பகவல்லி, பள்ளிக்கூட ஆசிரியை. கர்ப்பப்பை ஆபரேஷன். ஆறு மணிக்கு மாத்திரை கொண்டுபோனேன். போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். போன ஏப்ரலிலிருந்து இது என் வழக்கம்.

அவர் சிரித்தார். "ரெண்டு பேருமே ரொம்பக் கண்டிப்புங்க."

"எந்த ரெண்டு பேரு?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்தாங்களே. மாத்தரை முழுங்கிட்டீங்களாங்கன்னு கேட்டாங்க. இன்னும் குடுக்கலீங்கன்னேன். முந்தானை முடிச்சை அவுத்துக் காட்டுங்கன்னாங்க. எதுக்குன்னே தெரியல, நானும் காட்டுனேன். அவங்களும் ஆபரேசனுக்குத்தானுங்களே போறாங்க? பச்சை கவுனு, ரெட்டைச் சடை. ஒரு சடை தடியா இருந்துச்சு, ஒண்ணு எலிவாலாட்டம். யாரு பின்னி விட்டாங்களோ, பாவம்."

இன்று வேறு ஆபரேஷன் கிடையாது. வார்டில் வேறு யாரும் பச்சை கவுன் போடவில்லை. தூக்கக் கலக்கம் என்றேன். ஆசிரியை ஒத்துக்கொண்டார். ஆசிரியைகள் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர்கள் அல்ல. எனக்காக ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர். எலக்ட்ரீஷியன் நாளை வருவாராம். இதையே மூன்று நாளாகச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

புதிதாக வந்த நர்ஸ் பூர்ணிமா, கும்பகோணத்துப் பெண். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். இன்று மயக்க மருந்து டாக்டர் ஜமீலாவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஜமீலா இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வார்.

"ராத்திரியிலேருந்து பட்டினிதானே டாக்டர்? வயிறு காலியாத்தானே இருக்கும்? அப்புறம் எதுக்கு மாத்திரை?"

"காலி வயிறு சும்மா இருக்காதும்மா. அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும். மயக்கம் குடுத்துட்டா உடம்புக்கு இருமக்கூட மறந்துபோயிடும். அந்த நேரம் பார்த்து அது மேல ஏறி மூச்சுக் குழாய்ல இறங்கிச்சுன்னா, நுரையீரல் வெந்துபோயிடும். மாத்திரை போட்டிருந்தா அமிலம் கொறைஞ்சிருக்கும். தப்பித் தவறி ஏறினாலும் சேதம் கம்மி."

"விடியக்காலைல யாராச்சும் தண்ணி குடிச்சிட்டாங்கன்னா?"

"நாலஞ்சு மணி நேரம் முன்னாடி ரெண்டு மடக்குப் பச்சைத் தண்ணின்னா பயப்பட ஒண்ணும் இல்ல. வயிறு அதை எப்பவோ கடத்தியிருக்கும்."

நான் பக்கத்தில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. அதற்குமேல் எண்ணவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளைக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு ருக்மணி என்ற அம்மாள் வந்து நாலாம் பெட்டில் சேர்ந்திருக்கிறார். துணைக்கு அண்ணன் மகள் வந்திருக்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் யார் என்று பார்த்தேன். இந்துமதி. இளைத்துப் போயிருக்கிறாள். இருபது வயதில் கன்னம் அப்படி ஒட்டிப்போகக் கூடாது.

என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சிஸ்டருங்க?" என்றாள். அம்மாவைப் பெட்டியில் வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு என்னை நலம் விசாரிக்கிறாள்.

போன ஏப்ரலில் அவள் அம்மா மயிலாத்தாளுக்கு இதே வார்டில் பித்தப்பை ஆபரேஷன். மயக்கம் கொடுக்கும்போதே அமிலம் மேலே வந்து நுரையீரலில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். ஏதாவது கொடுத்தீர்களா என்று பெரிய டாக்டர் சொந்தக்காரர்களைக் கேட்டார். இந்தப் பெண்தான் தானாக முன்னால் வந்தாள். விடியக்காலை நாலு மணிக்கு அம்மாவுக்கு நாக்கு வறண்டது, இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்றாள். அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அப்போதிருந்த மயக்க மருந்து டாக்டரும் மறுத்துப் பேசவில்லை. சில வாரத்தில் வேறு ஊர் போய்விட்டார்.

சாயங்காலம் ருக்மணியம்மாள் தண்ணீர் கேட்டார். ஜக் இந்துமதியின் பக்கத்தில்தான் இருந்தது. அவள் எழுந்துபோய்ப் பூர்ணிமாவைக் கூட்டி வந்தாள்.

"அவ மோக்க மாட்டா சிஸ்டருங்க" என்றார் ருக்மணியம்மாள். குரலைத் தாழ்த்தவில்லை. "எங்கண்ணி போனதிலிருந்து யாருக்கும் தண்ணி மோந்து குடுக்கறதில்ல. அவளுக்குமே அவ தம்பி ஊத்திக் குடுத்தாத்தான் குடிப்பா. நாங்களும் கேக்கறதில்லீங்க. யாரு கையில என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?"

இந்துமதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போகவில்லை. ஆறு மணி மாத்திரையை நானே கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஐந்தரைக்கே நாற்காலியைப் போட்டு நாலாம் பெட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் வரவில்லை. சத்தியமாக யாரும் வரவில்லை.

ஆறு மணிக்கு மாத்திரையை நீட்டினேன். ருக்மணியம்மாள் என் கையைப் பார்க்கவில்லை. முந்தானை முனையை எடுத்து, அவிழ்த்து, இரண்டு பக்கமும் உதறிக் காட்டினார்.

"எதுக்கும்மா இது?"

"நீங்கதானுங்களே அவுத்துக் காட்டச் சொன்னீங்க."

"நான் வாயே தெறக்கல."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். மாத்திரையை வாங்கி மடக்கென்று விழுங்கிவிட்டு, தலையோடு போர்த்திக்கொண்டார். என் பின்னால் சுவர் இருக்கிறது. சுவரில் ஆறு மணி காட்டும் கடிகாரம் இருக்கிறது. வேறெதுவும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தவக்காலம் தொடங்குவதால் நான் இன்று ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு, அவ்வளவுதான். வெறும் வயிறு நாள் முழுக்க எரிந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆறாம் பெட்டுக்காரம்மாள் வலி மாத்திரையைச் சாப்பிடாமல் போட்டுவிட்டு வாந்தி எடுத்தார். வழக்கம்போல் சத்தம் போட்டேன். "வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கன்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்துறது? சொன்னா காதுல ஏறாதா?" வார்டே திரும்பிப் பார்த்தது. சாப்பிடாமல் மாத்திரை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

 

பிப்ரவரி 21, சனி

எழுதிவிடுகிறேன். டைரியில் எழுதுவதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மயிலாத்தாள் மாத்திரையை விழுங்கவில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய புடவையை மடித்தபோது முந்தானை முடிச்சில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தால் மஞ்சள் மாத்திரை. நான் கையில் கொடுத்தது. நான் டிக் போட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, போன உயிர் போனதுதானே என்று நினைத்தேன். மாத்திரையைத் தூக்கி எறியவும் கை வரவில்லை. என் அம்மாவின் ஜெபமாலை இருக்கிற சின்னத் தகர டப்பாவில் போட்டு வைத்தேன்.

சடை பின்னியதும் நான்தான். அன்றைக்கு இரண்டு கேஸ், நேரமில்லை. ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்துவிட்டது. "இப்படியே இருக்கட்டும் சிஸ்டருங்க, யாரு பாக்கப் போறா" என்று மயிலாத்தாள் சிரித்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

குவார்ட்டர்ஸில் துணி துவைத்துக் காயப்போட்டேன். எடுக்கப் போனபோது இரண்டு புடவைகளின் முந்தானையிலும் முடிச்சு விழுந்திருந்தது. காற்றுக்கு விழுந்திருக்கும். இரண்டையும் அவிழ்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத முடிச்சை அவிழ்க்க எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

திண்டுக்கல்லிலிருந்து தங்கை போன் பண்ணினாள். ஆபரேஷனுக்கு வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பக்கத்தில் யாராவது இருந்தால் மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேன் என்று பயம். இந்தக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

மூன்றாவது ஆள். வேறு ஊர், வேறு பெட், யாரையும் தெரியாது. காலையில் மாத்திரை கொடுக்கப் போன பூர்ணிமா ஓடி வந்தாள். "சிஸ்டர், அந்தப் பாட்டியம்மா முந்தானையை அவுத்துக் காட்டுறாங்க. நம்ம ஆஸ்பத்திரியில இது ஒரு வழக்கமா?"

"ஆமாம்" என்றேன். "வழக்கம்தான். நீயும் தினம் பாரு."

மார்ச் 2, திங்கள்

இன்று ருக்மணியம்மாளுக்குத் தையல் பிரிக்க வந்தார்கள். அவர் உள்ளே போனதும் இந்துமதி வராந்தா பெஞ்சில் தனியாக இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பேச்சு, பாதியில் அறுந்து அறுந்து வந்தது.

"இந்து, உங்கம்மா நீ குடுத்த தண்ணியால சாகல."

அவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். "ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்லம்மா. அன்னைக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கணும். அவங்க போடல. அந்த மாத்திரை எங்கிட்ட இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "எங்கீங்க?"

குவார்ட்டர்ஸுக்கு வேகமாகப் போய் டப்பாவை எடுத்து வந்தேன். அவள் முன்னால் திறந்தேன். ஜெபமாலை மட்டும் இருந்தது. மாத்திரை இல்லை. மாலையைத் தூக்கி உதறினேன், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். கொஞ்சம் மஞ்சள் பொடி இந்துமதியின் பாவாடையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"இதோட ஏழு பேரு எனக்கு ஆறுதல் சொல்லியாச்சுங்க சிஸ்டர். ஒருத்தரு கனாவுல அம்மா வந்து சொன்னாங்கன்னாரு. நீங்க மாத்தரைங்கறீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "அம்மா தாகம்னுச்சு. நான் குடுத்தேன். அது எனக்குத் தெரியுமுங்க."

அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். எப்போது பார்த்தேன், எப்படி மறைத்தேன் என்று முழுசாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ருக்மணியம்மாள் வெளியே வந்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

டப்பா பீரோவுக்குள் இருக்கும். சாவி என் இடுப்பில் இருக்கும். வேறு சாவி கிடையாது.

மார்ச் 4, புதன்

என் வார்டில் நானே சேர்ந்துவிட்டேன். வேறு பெட் காலி இல்லை என்று நாலாம் பெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே படுத்துப் பார்த்தால் விட்டத்தில் ஒட்டடை தெரிகிறது. பதினெட்டு வருஷமாக எப்படிக் கண்ணில் படவில்லை?

நைட்டிதான் கொண்டுவந்தேன். புடவை ஒன்றுகூட எடுத்து வரவில்லை. நைட்டியில் முந்தானை கிடையாது.

பூர்ணிமா மூக்குத்தியைக் கழற்றினாள், ரெட்டைச் சடை போட்டாள். பாதி பின்னும்போது ஒன்பதாம் பெட்டில் கூப்பிட்டார்கள், ஓடினாள், வந்தாள், மிச்சத்தை முடித்தாள். தொட்டுப் பார்த்தேன். ஒன்று தடி, ஒன்று ஒல்லி. பிரித்துப் போடச் சொல்ல வாயெடுத்தேன். "யாரு சிஸ்டர் பாக்கப் போறா" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

ஆறு மணி. பூர்ணிமா மாத்திரையையும் மூடித் தண்ணீரையும் கையில் கொடுத்தாள். போன் அடித்தது. திரும்பிப் போய்விட்டாள். நான் போட்டுக்கொண்டேன். தொண்டையில் ஒரு கணம் சிக்கி இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

ஆறு பத்து. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கால்மாட்டில் யாரோ நின்றார்கள். "மாத்தரை முழுங்கிட்டீங்களா சிஸ்டருங்க?" என்று கேட்டார்கள். "ம்" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. பூர்ணிமா என்னைச் 'சிஸ்டருங்க' என்று கூப்பிட மாட்டாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

ஏழு நாற்பது. பச்சை கவுன் மாற்றிக்கொள்ளப் பாத்ரூம் போனேன். நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தேன். அதை எடுத்து ஆணியில் மாட்டும்போது முனையில் ஒரு முடிச்சு. கெட்டியாக.

அவிழ்த்தேன். மஞ்சள் மாத்திரை. ஓரம் உதிர்ந்து, நிறம் வெளிறி.

இது பூர்ணிமா கொடுத்ததா, டப்பாவில் இருந்ததா? கொடுத்ததை நான் விழுங்கினேனா இல்லையா? எனக்கே தெரியவில்லை. சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு மணிக் கட்டத்தில் அழகாக டிக் இருக்கிறது.

பிப்ரவரி 21 அன்று எழுதியது பொய். மயிலாத்தாள் இறந்த பிறகு நான் மாத்திரையைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் இதே நேரம்தான். ஏழு நாற்பது. அவருக்குக் கவுன் மாற்றிவிட்டுப் புடவையை மடித்தபோது பார்த்தேன். அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மயக்கம் கொடுக்க இன்னும் அரை மணிக்குமேல் இருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நரம்பில் ஒரு ஊசி போட்டிருப்பார்கள். ஆனால் சார்ட்டில் டிக் போட்டாயிற்று. என் சார்ட்டில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. ஒரு மாத்திரைதானே என்று நினைத்தேன். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு தியேட்டர் கதவு வரைக்கும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் ஏன் முடிந்து வைத்தார் என்றும் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டதற்காக வார்டே பார்க்க அவரைத் திட்டியிருந்தேன். என் பேச்சைக் கேட்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஸ்ட்ரெச்சர் வருகிறது. மாத்திரை என் கைக்குள் இருக்கிறது.

மார்ச் 7, சனி

தொண்டைக்குள் குழாய் போட்டதில் குரல் கட்டியிருக்கிறது. கல் மூன்றில்லை, ஐந்து.

அன்றைக்குத் தியேட்டர் கதவருகில் டாக்டர் ஜமீலா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், பல் ஏதாவது ஆடுகிறதா, ஆறு மணி மாத்திரை போட்டாயிற்றா. நான் கையை விரித்துக் காட்டினேன். "போட்டேனான்னு தெரியல டாக்டர்."

"இதுக்கா இப்படிப் பயப்படுறீங்க? ஊசி போட்டுக்கலாம். கொஞ்ச நேரம் பொறுத்து ஆரம்பிப்போம்" என்று சிரித்தார்.

"போன ஏப்ரல்லயும் அவ்வளவுதான் செஞ்சிருக்கணும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூர்ணிமா நின்றாள், தியேட்டர் பையன்கள் நின்றார்கள், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். முடித்தபோது டாக்டர் ஜமீலாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஊசியைப் போட்டுவிட்டுப் பேசினார்.

"மாத்திரை போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது, சிஸ்டர். யாராலயும் முடியாது. ஆனா நாலு மணிக்குக் குடிச்ச ரெண்டு மடக்குத் தண்ணியால சாகலன்னு சொல்ல முடியும். அந்தப் பொண்ணுகிட்ட அதை நானே சொல்றேன். மிச்சத்தை நீங்க சொல்லுங்க."

பெரிய டாக்டர் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது. ஆபரேஷன் சார்ட்டை அவர் வாங்கிப் போயிருக்கிறாராம், போன வருஷத்து சார்ட்டும் சேர்த்து. நேற்றும் இன்றும் ஆறு மணி மாத்திரை கொடுத்தபோது யாரும் முந்தானையை அவிழ்த்துக் காட்டவில்லை என்று பூர்ணிமா சொன்னாள். ஏமாற்றமாகச் சொன்னாள். அது வழக்கம் என்றே நம்பியிருக்கிறாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு இந்துமதி வந்தாள். டாக்டர் ஜமீலா போனில் பேசியிருக்கிறார். மாத்திரையை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார்கள், அதை வாங்கிக்கொண்டு என் பெட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முழுவதையும் சொன்னேன். கட்டிய குரலில் நிறைய நேரம் ஆனது. அவள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கவரைப் பிரித்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கோணும். நீங்க இதைக் குடுக்கறப்ப அம்மா ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

இதை மட்டும் நான் டாக்டரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை.

"கேட்டாங்க. 'வெறும் வயித்துலயா சிஸ்டருங்க? நீங்கதானுங்களே போடக்கூடாதுன்னீங்க'ன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதீங்கன்னேன். சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."

அவள் மாத்திரையை என் பெட் பக்கத்து மேஜையில் வைத்தாள். அங்கே ஜக்கும் டம்ளரும் இருந்தன. டாக்டர் நேற்றே தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்குத் தாகம் அடங்கவே இல்லை. அவள் ஜக்கைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். மேஜையில் கொஞ்சம் சிந்தியது. டம்ளர் நிறைய ஊற்றினாள்.

நான் தலையைத் தூக்கினேன்.

அவள் அண்ணாந்து தானே குடித்தாள். ஒரு மடக்கு. நிறுத்தி மூச்சு விட்டாள். இன்னொரு மடக்கு. பிறகு மிச்சத்தையும் நிறுத்தாமல் குடித்தாள், தொண்டையில் ஓடுவது வெளியே தெரிந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. பூர்ணிமா வந்து ஊற்றிக் கொடுக்கும்வரை காத்திருந்தேன்.